வெயிட் டிஸ்ட்ரிபியூஷன், ஸ்வே கண்ட்ரோல்: ஒரே பெட்டியில வர்ற ரெண்டு வேற வேற வேலை

அமெரிக்காவுல டிராவல் டிரெய்லர், அதாவது பிக்கப் பின்னாடி இழுத்துக்கிட்டு போற சக்கர வீடு, வாங்கப் போனீங்கன்னா, பேப்பர் எல்லாம் கையெழுத்தாகி முடியற நேரத்துல சேல்ஸ்மேன் ஒரு ஹிட்ச் (டிரெய்லர வண்டியோட இணைக்கற சாதனம்) பெட்டிய காட்டுவாரு, இதுல வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் இருக்கு, ஸ்வே கண்ட்ரோலும் இருக்கு, மாட்டிட்டா ஆடவே ஆடாதுன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு பில்லுல சேர்த்துடுவாரு. பாதி உண்மைதான். ஆனா அந்த பெட்டிக்குள்ள இருக்கறது ரெண்டு தனித்தனி வேலை. ஒண்ணு, டிரெய்லர் பின்னாடி அழுத்தற பாரத்த பிக்கப்போட முன் சக்கரத்துக்கும் டிரெய்லரோட சொந்த ஆக்ஸிலுக்கும் பிரிச்சுக் கொடுக்கறது. இன்னொண்ணு, டிரெய்லர் வால் ஆட்டறத அடக்கறது. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறதாலதான் எந்த பிராண்டு நல்லதுன்னு கேக்கற அளவுக்கு யாரும் என் டங் வெயிட் எவ்வளவுன்னு கேக்கறதில்ல.

டங் வெயிட்னா டிரெய்லரோட மூக்கு, வண்டி பின்னாடி இருக்கற ஹிட்ச் பால்ங்கற இரும்பு உருண்டை மேல எவ்வளவு அழுத்துதுங்கற கணக்கு. வட அமெரிக்காவுல டிராவல் டிரெய்லருக்கு லோடு பண்ணின மொத்த எடையில 10லருந்து 15 சதவீதம்னு ஒரு வரம்பு வெச்சிருக்காங்க. ஊர்ல பார வண்டி ஓட்டினவங்களுக்கு இது புதுசு இல்ல, பின்பாரம் ஏறிப்போச்சுன்னா நுகத்தடி மாட்டு கழுத்துலருந்து மேல தூக்கிக்கும், அதனால மூட்டைய முன்னுக்கு தள்ளி அடுக்குவாங்க. டிரெய்லருக்கும் அதேதான், என்ன, இங்க மாடு மணிக்கு 65 மைல்ல ஓடுது, அதனால பின்பாரம் ஆனா மூக்கு தூக்கறதோட நிக்காது, பின்னாடி வாலு ஆட ஆரம்பிக்கும்.

முதல்ல எடை விஷயம். ஒரு கணக்கு போட்டு பாத்தா சட்டுனு புரியும். 145 இன்ச் வீல்பேஸ் உள்ள ஒரு ஹாஃப் டன் பிக்கப் (பெரிய பிக்கப்ல லேசான வகுப்புக்கு அப்படி பேரு), ஃபோர்டு எஃப்-150 நாலு கதவு மாதிரி ஒண்ணு, எடுத்துக்குங்க. பின் ஆக்ஸில்லருந்து ஹிட்ச் பால் வரைக்கும் ஒரு 65 இன்ச் தூரம்னு வெச்சுக்குவோம். டிரெய்லர் லோடோட 6500 பவுண்டு, டங் வெயிட் 800. சும்மா பால் மேல இறக்கி வெச்சா பின் ஆக்ஸில்ல ஏறறது 800 இல்ல, கிட்டத்தட்ட 1160. எப்படின்னா பால் பின் ஆக்ஸிலுக்கும் பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கறதால அது நெம்புகோல் மாதிரி முன்பக்கத்த தூக்குது, 800ஐ 65ஆல பெருக்கி 145ஆல வகுத்தா 360 பவுண்டு முன் சக்கரத்துலருந்து காணாமப் போகுது, அந்த 360ம் சேர்ந்துதான் பின்னாடி உக்காருது. ஸ்டியரிங் பண்றதும் முன் சக்கரம், பிரேக்கோட பெரும்பங்கு வேலையும் முன் சக்கரம், அதுலருந்து 360 பவுண்டு போச்சுன்னா மழையில வண்டி மிதக்கற மாதிரி தோணறதுக்கு வேற காரணம் தேட வேண்டாம். ராத்திரியில எதிர்ல வர்றவன் உங்க ஹெட்லைட்ட பாத்து திட்டறதும் இதனாலதான்.

இப்ப வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்ன பண்ணுது? ஹிட்ச் ஹெட்டுக்கு கீழ ரெண்டு ஸ்ப்ரிங் பார் மாட்டி, அத டிரெய்லரோட ஏ வடிவ ஃப்ரேம் வரைக்கும் நீட்டி, நுனிய மேல இழுத்து சங்கிலியிலயோ பிராக்கெட்லயோ உக்கார வெக்கறாங்க. பார் வளைஞ்சு நிமிர பாக்குது, அந்த முறுக்கு பிக்கப்போட பின்பக்கத்த தூக்கி முன்பக்கத்த அமுக்குது. மேல சொன்ன அதே வண்டியில, முன் ஆக்ஸில் இழந்த 360ல பாதிய, அதாவது 180 பவுண்டு, திருப்பி கொடுக்கற மாதிரி பார டைட் பண்றோம்னு வெச்சுக்குங்க. பால்லருந்து டிரெய்லர் ஆக்ஸில் நடு வரைக்கும் 220 இன்ச் இருந்தா, அதே முறுக்கு ஒரு 90 பவுண்ட டிரெய்லர் ஆக்ஸிலுக்கும் அனுப்பும். பின் ஆக்ஸில்ல ஏறியிருந்த 1160 சுமார் 890க்கு இறங்கிடும். எடை எங்கயும் மாயமா போகல, இடம்தான் மாறுது. டங் வெயிட் 800 அப்படியேதான் இருக்கு.

பாதி போதுமா, முழுசா திருப்பணுமாங்கறதுல பெரிய சண்டையே நடக்கும். பழைய ஆளுங்க முன்பக்கம் எவ்வளவு தூக்குச்சோ அவ்வளவும் கீழ வரணும்னு சொல்வாங்க, இன்னும் சிலபேர் வண்டி சமமா தெரியணும்னு பாரம் ஏத்தாத உயரத்துக்கும் கீழ இறக்கிடுவாங்க. அது தப்பு. பார ரொம்ப டைட் பண்ணா பின் ஆக்ஸில் லேசாகிடும், பின் டயருக்கு பக்கவாட்டுல பிடிக்கற சக்தி குறையும், ஈரமான வளைவுல டிரெய்லர் தள்ளும்போது பிக்கப்போட பின்பக்கம் வழுக்கி போயிடும். இன்னைக்கு ஃபோர்டு எஃப்-150 மேனுவல பிரிச்சீங்கன்னா பாதி அளவுக்கு திருப்பினா போதும்ங்கற மாதிரிதான் இருக்கும். வேற கம்பெனிக்கு வேற கணக்கு, ஏர் சஸ்பென்ஷன் இருந்தா அத எந்த மோடுல வெச்சு அளக்கணும்னு கூட தனியா சொல்லியிருப்பாங்க. அதனால யார் சொன்னாலும் சரி, மேனுவல்ல இருக்கற அந்த ஒரு பக்கம்தான் கடைசி வார்த்தை. சில வண்டிங்களுக்கு, குறிப்பா ஐரோப்பாவுலருந்து வர்ற சில எஸ்யூவிங்களுக்கு, இந்த மாதிரி ஹிட்ச்சே மாட்டக்கூடாதுன்னு மேனுவல் சொல்லும், பாடி அந்த முறுக்குக்காக டிசைன் பண்ணல. அங்க 'மாமா, நான் அஞ்சு வருஷமா ஓட்டறேன் ஒண்ணும் ஆகல'ங்கற வாதம் எல்லாம் செல்லாது.

இன்னொரு குழப்பம் ஏர்பேக். பின்னாடி ஸ்ப்ரிங்குக்கு நடுவுல ஏர்பேக் மாட்டி காத்தடிச்சா வண்டி சமமா நிக்கும், பாக்க அழகா இருக்கும், ஆனா முன் ஆக்ஸில் இழந்த 360 பவுண்டு திரும்பி வராது. உயரம் வேற, எடை வேற.

சரி, இத எல்லாம் எப்படி அளக்கறது? ஹைவே ஓரத்துல இருக்கற பெரிய டிரக் ஸ்டாப்ல கேட் (CAT) ஸ்கேல்ங்கற எடை மேடை இருக்கும், லவ்ஸ், பைலட் மாதிரி இடங்கள்ல மஞ்சள் போர்டு போட்டிருப்பாங்க. லாரிக்காரங்களுக்காக வெச்சது, ஆனா நம்மளையும் விடுவாங்க. மூணு தட்டு இருக்கும், முன் ஆக்ஸில் ஒண்ணுல, பின் ஆக்ஸில் ஒண்ணுல, டிரெய்லர் ஆக்ஸில் ஒண்ணுல வர்ற மாதிரி நிறுத்தணும். டேங்க் ஃபுல் பண்ணிட்டு, குடும்பத்தையும் வண்டிக்குள்ளயே உக்கார வெச்சுட்டு, முதல்ல பார் மாட்டின நிலையில ஒரு எடை. அப்புறம் ஓரமா போய் பார கழட்டிட்டு மறுபடி ஒரு எடை. கடைசியா டிரெய்லர பார்க்கிங்ல இறக்கிட்டு பிக்கப்ப மட்டும் ஏத்தி மூணாவது எடை. 24 மணி நேரத்துக்குள்ள அதே இடத்துல மறுபடி எடை போட்டா கட்டணம் கம்மி. மூணு ஸ்லிப்பையும் வரிசையா வெச்சா எல்லாம் தெரிஞ்சுடும், பார் இல்லாத ஸ்லிப்புல முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் கூட்டி, பிக்கப் மட்டும் போட்ட எடைய கழிச்சா வர்றதுதான் உங்க உண்மையான டங் வெயிட். முன் ஆக்ஸில் எண்ண மட்டும் மூணு ஸ்லிப்புலயும் பக்கத்துல பக்கத்துல எழுதினீங்கன்னா பார் எவ்வளவு திருப்பி கொடுத்துச்சுன்னு கண்ணுக்கு நேரா நிக்கும். பின்னாடி லாரிக்காரர் ஹாரன் அடிச்சா பதட்டப்படாதீங்க, கூட்டம் இல்லாத ஞாயித்துக்கிழமை காலைல போனா அந்த தொல்லையும் இல்ல.

இத ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, பிரோஷர்ல போட்டிருக்கற ஹிட்ச் வெயிட் கிட்டத்தட்ட எப்பவுமே காலி டிரெய்லருக்கான எண். அதுல பேட்டரி இருக்காது, கேஸ் சிலிண்டர்ல கேஸ் இருக்காது. 20 பவுண்டு சிலிண்டர்னு சொல்றது ரொம்பினா இரும்போட சேர்த்து சுமார் 37 பவுண்டு, ரெண்டு இருக்கும், ரெண்டும் டங் மேலதான் உக்காந்திருக்கும். கூட பேட்டரி ஒரு 50 பவுண்டு. முன்னாடி இருக்கற ஸ்டோரேஜ்ல அரிசி மூட்டை, கிரைண்டர், மடக்கு நாற்காலி, அடுப்பு எல்லாம் போயிடும். தண்ணி ஒரு கேலன் 8.3 பவுண்டு, 40 கேலன் டேங்க் ரொம்பினா 330 பவுண்டுக்கு மேல. அந்த டேங்க் ஆக்ஸிலுக்கு முன்னாடி இருந்தா டங் வெயிட் ஏறும், பின்னாடி இருந்தா குறையும். ஒரே டிரெய்லர், தண்ணியோட போகும்போது ஒரு மாதிரி, காலி பண்ணிட்டு கழிவு டேங்க் நிரம்பி திரும்பும்போது வேற மாதிரி ஓடறதுக்கு இதுதான் காரணம். பிரோஷர்ல 550ன்னு இருந்த டங் ஸ்கேல்ல 800ன்னு வந்தா ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல.

அந்த 800ஓட விளைவு டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கற மஞ்சள் ஸ்டிக்கர்ல தெரியும். ஆளுங்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கும், அதான் பேலோடு. ஹாஃப் டன் வண்டியில 1550ன்னு இருக்குன்னு வெச்சுக்குங்க. டங் 800, ஹிட்ச் இரும்பே ஒரு 90, நாலு பேரு 550, பிக்கப்போட பின்பக்க சாமான் தொட்டியில சைக்கிள், கூலர், ஜெனரேட்டர்னு 200. மொத்தம் 1640, தாண்டியாச்சு. இதே வண்டிக்கு விளம்பரத்துல 11,000 பவுண்டு இழுக்கும்னு போட்டிருப்பாங்க. அந்த எண் பொய் இல்ல, எஸ்ஏஇ ஜே2807ங்கற பரிசோதனை முறைப்படி வர்றது, 2011 மாடல்லருந்து டொயோட்டா முதல்ல ஏத்துக்கிட்டு அப்புறம் மத்தவங்களும் வந்தாங்க, அரிசோனாவுல டேவிஸ் டேம் ஏத்தத்துல வெயில் நேரத்துல ஏறற மாதிரி எல்லாம் டெஸ்ட் இருக்கு. ஆனா அந்த கணக்குல வண்டியில டிரைவரும் பக்கத்துல ஒருத்தரும்தான், ஆளுக்கு 150 பவுண்டு, டங் 10 சதவீதம். நம்ம குடும்பம் அந்த கணக்குல இல்ல. பார் 90 பவுண்ட டிரெய்லர் ஆக்ஸிலுக்கு தள்ளுதே, அத கழிச்சா சரியா 1550 வருதேன்னு கேப்பீங்க. கணக்கு சரிதான், ஆனா வரம்ப அந்த நூலிழையில நம்பி வண்டி வாங்கறத விட கூலரையும் ஜெனரேட்டரையும் டிரெய்லர் ஆக்ஸிலுக்கு மேல மாத்தறது நல்லது.

ரிசீவர்லயும், அதாவது பிக்கப் பின்னாடி ஹிட்ச்ச சொருகற சதுர குழாய்லயும், ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதையும் குனிஞ்சு படிங்க. பல பிக்கப்ல சும்மா பால்ல இழுத்தா 5000 பவுண்டு டிரெய்லர், 500 பவுண்டு டங்னு ஒரு வரியும், வெயிட் டிஸ்ட்ரிபியூஷனோட இழுத்தா அதுக்கு ரெண்டு மடங்கும் மேலயும்னு இன்னொரு வரியும் இருக்கும். அப்ப நம்ம 6500 பவுண்டு டிரெய்லருக்கு இந்த ஹிட்ச் ஆடம்பரம் கிடையாது, கட்டாயம்.

பார் எடுக்கும்போது எத்தனை பவுண்டு டங்குக்குன்னு 600, 800, 1000, 1200, 1400ன்னு வகை வகையா வரும். பெருசு வாங்கினா பாதுகாப்புன்னு நினைச்சு 500 பவுண்டு டங்குக்கு 1200 பார் போட்டா, பார் வளையாம கட்டையா நின்னு ஒவ்வொரு பள்ளத்தையும் ஃப்ரேமுக்கு அடியா கொடுக்கும். ரொம்ப சின்னதா போட்டா டைட் பண்ண இடமே இருக்காது. ஸ்கேல் எண்ண எடுத்துக்கிட்டு, ஈக்வலைசர் மாதிரி சில கம்பெனிங்க சொல்றபடி பிக்கப்புல பின் ஆக்ஸிலுக்கு பின்னாடி வெக்கற சாமான் எடையையும் அதோட கூட்டி, அதுக்கு அடுத்த மேல் அளவ எடுக்கணும். அதான் மொத்த ரகசியம்.

இப்ப ஆட்டம். ஸ்வேங்கறது காத்து தள்ளறது இல்ல, அத முதல்ல பிரிச்சுக்கணும். லாரி ஒண்ணு வேகமா தாண்டும்போது டிரெய்லரோட பின்பக்கம் ஒரு பக்கமா தள்ளப்பட்டு, அப்புறம் லாரி பக்கமா இழுக்கும். ஒரு தள்ளு, ஒரு இழு, முடிஞ்சுது. உண்மையான ஸ்வே அப்படி முடியாது. இடம், வலம், இடம், வலம்னு ஓரிரு நொடிக்கு ஒரு தடவை ஒரு தாளத்துல ஆடும், குறைஞ்ச வேகத்துல தானா அடங்கிடும், வேகம் கூட கூட அடங்கற நேரம் நீளும், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல அடங்கவே அடங்காது, ஒவ்வொரு ஆட்டமும் முந்தினத விட பெருசாகும். அந்த வேகம் ஒவ்வொரு ஜோடிக்கும் வேற வேற. டங் வெயிட் கம்மியா இருந்தா அது கீழ இறங்கும், டிரெய்லர் வால்ல சைக்கிள் ராக் மாட்டினா இறங்கும், ரெண்டு நுனியிலயும் பாரத்த பிரிச்சு வெச்சா சதவீதம் சரியா இருந்தாலும் இறங்கும், டயர்ல காத்து கம்மின்னா இறங்கும், இறக்கத்துல இன்னும் மோசம். மேற்கு டெக்ஸாஸ்ல ஐ-10ல வேக வரம்பு 80 மைல், பக்கவாட்டு காத்து நிக்காம அடிக்கற இடம், அங்க சட்டம் அனுமதிக்குதுன்னு 75ல போறவங்கள பாத்தா எனக்கு வயித்த கலக்கும். எஸ்டி டயர்னு சொல்ற டிரெய்லருக்கான டயர் நிறைய ரொம்ப நாளா 65 மைல் வரைக்கும்தான் ரேட்டிங் வாங்கி வந்துச்சு, இப்ப கூடுதல் ரேட்டிங் வருது, பக்கச்சுவர்ல இருக்கற எழுத்த பாத்துட்டு முடிவு பண்ணுங்க. கலிஃபோர்னியாவுல டிரெய்லர் இழுத்தா 55தான், அதுக்கு அர்த்தம் இருக்கு.

ஐரோப்பாவுல மூக்கு எடை நம்மள விட பாதிகூட இருக்காதே, அவங்க ஓட்டலையான்னு கேப்பாங்க. அங்க கார் ஹிட்ச்சுக்கே 75, 100 கிலோன்னுதான் வரம்பு, கேரவன் ஆக்ஸில் நடுவுக்கு பக்கமா இருக்கும், எடையும் கம்மி. ஜெர்மனியில சாதாரணமா 80 கிலோமீட்டர் வேகம், தனியா தகுதி வாங்கினா 100. அந்த வேகத்த வெச்சுக்கிட்டுதான் அந்த டிசைன் ஓடுது. அவங்க மூக்கு எடையும் நம்ம வேகமும் சேர்ந்தா வம்புதான்.

ஸ்வே கண்ட்ரோல் வகைகள்ல ரொம்ப மலிவானது ஃபிரிக்ஷன் பார், பக்கத்துல ஒரு சின்ன பால் வெச்சு மாட்டி கைப்பிடிய திருகி டைட் பண்றது. சின்ன டிரெய்லருக்கு ஓகே. ஆனா ரிவர்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி கழட்டணும், மறந்தா வளைஞ்சுடும், வழுக்கற ரோட்டுல தளர்த்தணும், ஒவ்வொரு கேம்ப்கிரவுண்ட் வாசல்லயும் இறங்கி ஏறணும். அதுக்கு மேல ஸ்ப்ரிங் பாரே ஆட்டத்தையும் அடக்கற வகை. ஈக்வலைசர்ல பார் நேரா பிராக்கெட் மேல உரசும், ஹெட்லயும் உரசும், மொத்தம் நாலு இடத்துல உராய்வு, பார்க்கிங்ல திரும்பும்போது கிரீச்சுனு தெருவே திரும்பி பாக்கும், அது கோளாறு இல்ல, வேலை செய்யற சத்தம். ரீஸ் டூயல் கேம்ல பார் நுனி ஒரு பள்ளத்துல உக்காந்திருக்கும், டிரெய்லர் நேரா இருந்து விலகணும்னா அந்த மேட்டுல ஏறணும், அதனால நடுவுக்கே இழுத்துக்கிட்டு இருக்கும், ஆனா அளவா செட் பண்ண பொறுமை வேணும். ஆண்டர்சன் லேசு, சத்தம் இல்ல, சங்கிலியும் ரப்பர் மாதிரி யூரித்தேனும் வெச்சு வேலை செய்யுது, ஆனா கனமான டங்குக்கு முன் ஆக்ஸிலுக்கு எடை போதுமான அளவு போகலைன்னு ஸ்கேல் ஸ்லிப்போட சொல்றவங்க நிறைய பேர்.

இந்த உராய்வு வகை எல்லாத்துக்கும் ஒரு பொது குணம், ஆட்டத்தோட சக்திய கொஞ்சம் கொஞ்சமா தின்னும், ஆட்டம் பிறக்கறத தடுக்காது. தடுக்கற வகைன்னா ஜிம் ஹென்ஸ்லி டிசைன் பண்ணின ஹென்ஸ்லி ஆரோவும், அவரே பின்னாடி பண்ணின டிசைன்ல வர்ற புரோபிரைடும்தான். பிக்கப்போட தொட்டிக்குள்ளயே மாட்டற ஃபிஃப்த் வீல் டிரெய்லர் ஏன் இப்படி ஆடறதில்லன்னு யோசிங்க, அதோட இணைப்பு பின் ஆக்ஸிலுக்கு மேலயே உக்காந்திருக்கு, டிரெய்லர் பக்கவாட்டுல தள்ளினாலும் பிக்கப்ப திருப்ப நெம்பு தூரம் கிடைக்காது. ஹென்ஸ்லி ரெண்டு சாய்வான இணைப்பு கம்பிய வெச்சு, திரும்பற புள்ளிய கணக்குல மட்டும் பால்லருந்து முன்னுக்கு, பின் ஆக்ஸில் பக்கம் கொண்டு போகுது. டிரெய்லரால பிக்கப்ப திருப்ப முடியாது, பிக்கப்பால டிரெய்லர திருப்ப முடியும். புத்திசாலித்தனமான டிசைன், சந்தேகமே இல்ல. விலை 3000 டாலருக்கு மேல, எடையும் ஜாஸ்தி, மாட்டும்போது பிக்கப்ப துல்லியமா நேர்ல கொண்டு வந்து நிறுத்தணும். 30 அடி டிரெய்லர ஹாஃப் டன்ல இழுத்துக்கிட்டு வருஷம் முழுக்க ஓடறவங்களுக்கு யோசிக்கலாம். 22 அடிக்கு வருஷத்துல நாலஞ்சு வார இறுதின்னா அந்த காசுல நல்ல டயரும், டிரெய்லரோட பிரேக்க இயக்கற நல்ல பிரேக் கண்ட்ரோலரும் வாங்கிட்டு சாமான சரியா அடுக்கினா போதும்னுதான் நான் சொல்வேன்.

வண்டியிலயே ஸ்வே கண்ட்ரோல் வந்துருச்சே, தனியா எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு: 2012 மாடல்லருந்து அமெரிக்காவுல கார், பிக்கப் எல்லாத்துலயும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் கட்டாயம், அதுக்கு மேல பல பிக்கப்ல டிரெய்லர் ஆடறத கண்டுபிடிச்சு இஞ்சின் பவர குறைச்சு ஒரு பக்க சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கற சிஸ்டம் இருக்கு. அருமையான விஷயம், அணைச்சு வெக்காதீங்க. ஆனா அது ஆட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் முழிக்கும். அந்த லைட்டு ஒரு தடவை எரிஞ்சாலே உங்க லோடுல எதோ தப்பு இருக்குன்னு அர்த்தம்.

அப்படியும் ஆட ஆரம்பிச்சா கால் தானா பிரேக்குக்கு போகும், போக விடாதீங்க. பிக்கப் பிரேக் போட்டா முன்னாடி வண்டி நிக்குது, பின்னாடி 6500 பவுண்டு கோணலா தள்ளுது. ஸ்பீட ஏத்தினா நேராகிடும்னு ஒரு பழைய அறிவுரை சுத்திக்கிட்டு இருக்கு, அதையும் கேக்காதீங்க, மேல சொன்ன அந்த எல்லை வேகத்த நோக்கியே போறீங்க. ஸ்டியரிங்க ஆட்டத்துக்கு எதிரா திருப்பி துரத்தாம நேரா பிடிச்சுக்கிட்டு, ஆக்ஸிலரேட்டர்லருந்து மெதுவா கால எடுத்து, டாஷ்போர்டுல இருக்கற டிரெய்லர் பிரேக் கண்ட்ரோலரோட கை லீவர மட்டும் அழுத்துங்க, டிரெய்லர் பின்னாடிலருந்து இழுத்து பிடிச்சு தன்னையே நேராக்கிக்கும். அந்த லீவர் எங்க இருக்குன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே காலி பார்க்கிங்ல 20 மைல்ல அழுத்திப் பாத்து, கை தானா போற அளவுக்கு பழகி வெச்சுக்கணும், கூட ஓட்டற வீட்டுக்காரங்களுக்கும் காட்டிடுங்க. வண்டி அடங்கினதும் அடுத்த எக்ஸிட்ல இறங்கி, டயர் காத்து, பார், பால கவ்விப் பிடிக்கற கப்ளரோட பூட்டு எல்லாம் ஒரு சுத்து பாத்துட்டு, வால் பக்கம் இருக்கற கனமான பெட்டிங்கள ஆக்ஸிலுக்கு முன்னாடி மாத்திட்டு, பின்னாடி நிரம்பியிருக்கற டேங்க் எதுவா இருந்தாலும் டம்ப் ஸ்டேஷன் வந்ததும் காலி பண்ணிட்டு, அது வரைக்கும் 50, 55க்கு மேல போகாம ஓட்டுங்க.